ஓடையோரக் கூடாரம்

மேட்டில் அறை எடுக்கலாம் என்றாள் மனைவி. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, ஓடையோரக் கூடாரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான். நெய்வேலி குவார்ட்டர்ஸிலிருந்து மூன்று வயது மகளோடு கல்வராயன் மலைக்குப் போயிருந்தோம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூரத்தில் ஏதோ உறுமியது.

“என்னங்க சத்தம்?” மனைவி பயந்தாள்.

“நம்ம மைன்ஸ் பெல்ட்டு ஓடற மாதிரிதான இருக்கு? தூங்கு.”

நிலக்கரி சுமந்து ஓடும் அந்தப் பெல்ட்டின் இரைச்சலிலேயே பிறந்ததுமுதல் தூங்கிப் பழகியவன். கண்ணயர்ந்தேன்.

“காட்டாறு வருது! புள்ளைய தூக்கிகினு மேட்டுக்கு ஓடுங்க!” மாடு மேய்த்த பெண் ஒருத்தி கூடாரத்தை உலுக்கினாள். மகளை அள்ளிக்கொண்டு மேடேறினோம். திரும்பிப் பார்த்தபோது கூடாரம் செந்நீரில் உருண்டுகொண்டிருந்தது.

மனைவி இன்றுவரை என்னை ஒரு சொல் சொன்னதில்லை. மைன்ஸ் பக்கமிருந்து காற்றடித்து பெல்ட் சத்தம் கேட்டால் மட்டும், தூங்கும் மகளை எடுத்து மடியில் போட்டுக்கொள்கிறாள்.