எக்ஸ் என்க

கணக்கு வாத்தியாருக்குத் தொண்டையில் சாக்பீஸ் தூளைவிட அதிகமாகச் சிக்குவது எக்ஸ்தான். தூளுக்காவது வெந்நீர் உண்டு.

கரும்பலகைக்கு முன்னால் நின்றவர்களோ, அதற்கு எதிரே உட்கார்ந்து முழித்தவர்களோ, நீங்கள் யாராக இருந்தாலும் இந்த எழுத்திடம் அடிபட்டவர்கள்தான். அதனால் உங்களிடம் சொல்லலாம். எழுபதுகளின் நடுவில், உத்திரமேரூரிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளியிருந்த ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளி எட்டோடு முடிந்துவிடும்; ஒன்பதுக்கு உத்திரமேரூர் போக வேண்டும். அந்த வருஷம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். அவர்களில் பச்சையம்மாள் என்ற பெண் ஒன்பதாவதுக்குப் போவதா, தன் அம்மாவோடு நடவுக்குப் போவதா என்ற கேள்வி என் இயற்கணிதத்தில் வந்து மாட்டிக்கொண்டது. அந்த ஒரு வருஷத்தில் நடந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

நேற்று ஏழு

முதல் பாடம் நன்றாகத்தான் போயிற்று. ஓர் எண்ணோடு மூன்றைக் கூட்டினால் பத்து, அந்த எண்ணை எக்ஸ் என்க, எக்ஸ் ஏழு. நாற்பத்திரண்டு தலைகளும் ஆடின. இருபது வருஷ அனுபவத்தில், எல்லாத் தலைகளும் ஒன்றாக ஆடினால் பயப்பட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். நான் பயப்படாமல் பத்துக் கணக்குகளை வீட்டுப்பாடமாகக் கொடுத்து அனுப்பினேன்.

ஏகாம்பரம் ஏரிப் பாசனத்தில் நிலம் உள்ள வீட்டுப் பையன். நோட்டுக்கு அட்டை போட்டு, அட்டைக்கு மேல் இன்னொரு அட்டை போடுபவன். பத்துக் கணக்குக்கும் ஏழு என்றே விடை எழுதியிருந்தான். மேலட்டையிலும் கொட்டை எழுத்தில் ‘எக்ஸ் = 7’ என்று எழுதி, மறக்காமல் இருக்கக் கட்டம் கட்டியிருந்தான். “ஒவ்வொரு கணக்குக்கும் எக்ஸ் வேறு வேறுடா” என்றேன். அவன் முகத்தில் ஏமாற்றப்பட்டவனின் கோபம் வந்தது.

“நேத்து ஏழுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? வூட்ல எங்க நைனாகிட்ட கூட சொல்லிட்டேன்.”

கடைத் தராசு

சமன்பாடு என்பது தராசு என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் சமம்; இந்தப் பக்கம் எடுத்தால் அந்தப் பக்கமும் எடுக்க வேண்டும். ஊர் மளிகைக் கடையில் கெஞ்சி ஒரு கைத்தராசு வாங்கி வந்து, மேஜைக்கு மேலே உத்தரத்தில் கட்டினேன். எடை போடுவதற்கு ஒரே அளவான புளியங்கொட்டைகளையும் பொறுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் வைக்காதபோதே ஒரு தட்டு கீழே இறங்கி நின்றது. கயிற்றை மாற்றிக் கட்டினேன். ஜன்னலைச் சாத்தினேன். தட்டைத் துடைத்தேன். வகுப்பு மிகவும் ஆர்வமாகப் பார்த்தது. பாடத்தை அல்ல, என்னை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். பச்சையம்மாள். அதுவரை அவள் குரலை நான் ‘உள்ளேன் ஐயா’ தவிர எதிலும் கேட்டதில்லை. மேலே நின்ற தட்டில் இரண்டு புளியங்கொட்டையைப் போட்டாள். தராசு நேராக நின்றது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“அது அப்படித்தான் சார். சாமான் வெக்கிற தட்டு எப்பவும் எறங்கியே கீது. கடைக்காரருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல.”

பத்து வைத்துப் பார்ப்பது

அரையாண்டுத் தேர்வில் அதே பச்சையம்மாள் வாங்கியது இருபத்தாறு. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். தாளைப் புரட்டினால் இயற்கணிதக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் விடை சரி. ஆனால் விடை மட்டும். மேலே ஒரு வரி கிடையாது, கீழே ஒரு வரி கிடையாது. பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். ஆனால் பக்கத்தில் இருந்தவன் ஒன்பது வாங்கியிருந்தான்.

கூப்பிட்டு நிறுத்தி, “ஓர் எண்ணை இரண்டு மடங்காக்கி ஐந்து கூட்டினால் இருபத்தொன்பது. அந்த எண் என்ன?” என்றேன். நான் வாயை மூடுவதற்குள் “பன்னெண்டு” என்றாள். எப்படி? “பத்து வெச்சுப் பாத்தேன் சார், இருபத்தஞ்சுதான் வந்துது. நாலு கொறையுது. அப்ப ரெண்டு ஏத்தணும்.” அவளுடைய அம்மா நடவு ஆட்களுக்குத் தலைவி. வயலில் நாற்று முடிக் கட்டுகளைப் பெண்களுக்குப் பிரித்து வைக்கும்போது, முதலில் ஆளுக்குப் பத்து என்று கண்ணால் வைத்துப் பார்ப்பாளாம். மீந்தால் ஏற்றுவாள், குறைந்தால் இறக்குவாள். பிரித்து முடித்ததும் வரப்பில் நடந்து ஒருமுறை எண்ணிச் சரிபார்ப்பாள். மகளும் அதைத்தான் செய்தாள். ‘எக்ஸ் என்க’ என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். என் மேல் இரக்கப்பட்டவள் போலப் பார்த்தாள்.

“தெரியாதவங்க எழுதுவாங்க சார். எனக்குத்தான் தெரியுதே.”

முனியம்மாவின் கெடு

தை மாதத்தில் பச்சையம்மாள் ஆறு நாள் வரவில்லை. ஏழாம் நாள் அவளோடு அவள் அம்மா முனியம்மாவும் வந்தாள். முழங்கால் வரைக்கும் காய்ந்த சேறு. வேலைக்கு நடுவில் வந்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. வகுப்பு வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வரச் சொன்னதற்கு, “தரையெல்லாம் சேறாயிடும்” என்றாள்.

நான் படிப்பின் அருமை பற்றி ஆரம்பித்தேன். நீங்களும் ஆரம்பித்திருப்பீர்கள், நமக்கு அந்தப் பிரசங்கம் மனப்பாடம். அவள் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுக்குப் பிரசங்கம் தேவைப்படவில்லை. மற்றப் பாடங்களில் மகள் தேறிவிடுவாள், கணக்கில்தான் சந்தேகம் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

“பாஸாச்சுன்னா உத்திரமேரூருக்கு பஸ் ஏத்தி உடறேன். ஆவலைன்னா இன்னொரு வருசம் இங்கியே குந்த வெக்க மாட்டேன், எங்கூட நடவுக்கு வந்துடணும். ரெண்டுல ஒண்ணு ஆவட்டும் வாத்தியாரே, நடுவுல நிறுத்தி பேஜார் பண்ணாதீங்க.”

ஒன்பது வயது அப்பா

மாசியில் ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். தலைமையாசிரியர் வருஷா வருஷம் முழு ஆண்டுத் தேர்வுக்குப் போடும் மார்க் திட்டத்தையே அதற்கும் கொடுத்தார். ஒரு கணக்குக்கு நான்கு மார்க்: ‘எக்ஸ் என்க’ என்று தொடங்குவதற்கு ஒன்று, சமன்பாட்டுக்கு ஒன்று, வரிவரியாகத் தீர்ப்பதற்கு ஒன்று, கடைசியில் விடையைத் திரும்பப் போட்டுச் சரிபார்ப்பதற்கு ஒன்று. வெறும் விடைக்கு ஒன்றும் கிடையாது.

தந்தையின் வயது மகனின் வயதைப் போல் நான்கு மடங்கு, வித்தியாசம் இருபத்தேழு என்றொரு கணக்கு. ஏகாம்பரம் எக்ஸ் என்றான், சமன்பாடு எழுதினான், ஒரு வரிகூட விடாமல் தீர்த்தான். முடிவில், தந்தைக்கு வயது ஒன்பது, மகனுக்கு முப்பத்தாறு என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தான். காட்டிக் கேட்டதற்கு, “வழி கரெக்டா கீதா சார்?” என்றான். கரெக்டாகத்தான் இருந்தது. பச்சையம்மாள் மகன் ஒன்பது, தந்தை முப்பத்தாறு என்று ஒரே வரியில் முடித்திருந்தாள். இரண்டு தாள்களையும் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய் நியாயம் கேட்டேன். அவர் ஏகாம்பரத்துக்கு மூன்று போட்டார், பச்சையம்மாளுக்குப் பூஜ்யம் போட்டார்.

“அப்பனுக்கு ஒம்பது வயசுன்னு எழுதட்டும்யா, எந்த வழியா வந்தான்னு தெரியுது. இந்தப் பொண்ணு எப்படி வந்துச்சுன்னே தெரியலையே!”

நடிக்கச் சொல்லிக் கொடுத்தது

அதன்பின் தினமும் மாலை மணி அடித்ததும் அரை மணி நேரம் பச்சையம்மாளை உட்கார வைத்தேன். நான் சொல்லிக்கொடுத்தது கணக்கு அல்ல, நடிப்பு. “உனக்கு விடை தெரியாது. தெரியாத மாதிரி எழுது” என்பேன். தலையாட்டிவிட்டு ‘எக்ஸ் = 12 என்க’ என்று எழுதுவாள். அடித்துவிட்டு ‘எக்ஸ் என்க’ என்று மட்டும் எழுத வைக்கவே ஒரு வாரம் ஆயிற்று.

அதற்குமேல் நகரவில்லை. முதல் வரியை எழுதுவாள், பென்சிலைக் கடிப்பாள், பிறகு நேராக விடைக்குப் போய்விடுவாள். சமன்பாடு என் வாயிலிருந்து வந்தால் காப்பியடிப்பாள், தானாக வராது. ஒரே ஒரு வரியைத்தான் சொல்லாமலே ஆசையாக எழுதினாள்: சரிபார்க்கும் வரி. பன்னிரண்டை எடுத்துக் கணக்கில் திரும்ப வைத்து, இரண்டு பக்கமும் ஒத்துவந்தால் ‘சரி’ என்று எழுதி ஒரு புள்ளி வைப்பாள். பங்குனி பிறந்தது. எனக்குத் தொண்டை போய்விட்டது. ஒருநாள் பொறுமை போய் மேஜையைத் தட்டினேன். அவள் அழவில்லை, நிதானமாக யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

“பொய்யா ஆரம்பிச்சுட்டு, அடுத்தது இன்னா எழுதறதுன்னே தெரியல சார்.”

ஆறு பெருக்கல் இரண்டு

முழு ஆண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தும்போது அவளுடையதைக் கட்டின் அடியில் தள்ளித் தள்ளி வைத்தேன். கடைசியில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மற்றப் பகுதிகளில் இருபத்து மூன்று. இயற்கணிதத்தில் ஆறு கணக்குகள். முதல் கணக்கு: ‘எக்ஸ் என்க.’ கீழே விடை. அதன் கீழே சரிபார்த்தல். இரண்டாவதும் அப்படியே. ஆறும் அப்படியே. நடுவில் இருக்க வேண்டிய சமன்பாடும் இல்லை, தீர்த்த வரிகளும் இல்லை. பேனாவை மூடி வைத்தேன். பிறகு மார்க் திட்டத்தை எடுத்து, பாமரனைப் போல ஒவ்வொரு வரியாகப் படித்தேன். தொடங்கியதற்கு ஒன்று. சரிபார்த்ததற்கு ஒன்று. ஆறு கணக்குக்குப் பன்னிரண்டு. இருபத்து மூன்றும் பன்னிரண்டும் முப்பத்தைந்து.

எல்லைக்கோட்டில் நிற்கும் தாள்கள் தலைமையாசிரியர் பார்வைக்குப் போக வேண்டும். அவர் மூன்றுமுறை கூட்டினார். நான் கருணையால் மார்க்கில் கை வைத்திருக்கிறேனா என்று சிவப்பு மையில் திருத்தலைத் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு மற்ற நாற்பத்தொரு தாள்களையும் வரவழைத்து, சரிபார்த்தலுக்கு யாராவது மார்க் வாங்கியிருக்கிறார்களா என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

“இத்தனை வருஷமா அந்த மார்க்கை நானும் திட்டத்துல போட்டுக்கிட்டே வரேன், அதை வாங்க இன்னிக்குத்தான்யா ஒரு ஆள் வந்திருக்கு.”

டி.சி. வாங்கிய நாள்

ஜூனில் முனியம்மா மகளின் மாற்றுச் சான்றிதழுக்காக வந்தாள். அன்று கால் சுத்தமாக இருந்தது. அதனால் அலுவலக அறைக்குள்ளேயே வந்தாள். கைநாட்டு வைத்தாள், தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள், உடனே எடுத்து மகளிடமே கொடுத்துவிட்டாள். பச்சையம்மாள் புதுத் தாவணியில், உத்திரமேரூர் பஸ் வரும் சத்தத்துக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். என்னிடம் நன்றியாக ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன், நாமும் மனிதர்கள்தானே.

முனியம்மா வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். ஒன்பதாவதிலும் இந்த எக்ஸ் உண்டா என்று கேட்டாள். உண்டு, கூடவே ஒய் என்று இன்னொன்றும் வரும் என்றேன். அவள் முகம் வாடவில்லை. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவள் போல, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அங்க கீற வாத்தியாருக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லி வைங்க. பொண்ணு பதிலை மொதல்லயே சொல்லிடும், அவரு கோவிச்சுக்கப் போறாரு.”

தெரியாததைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தரத்தான் எனக்குச் சம்பளம் என்றாலும், அந்த வருஷம் முழுவதும் நான் தொண்டை வற்றப் பாடுபட்டது தெரிந்ததைத் தெரியாதது போல எழுதவைக்க. அதிலும் எனக்குக் கிடைத்தது நான்குக்கு இரண்டு.