பெண் பிள்ளைக்கு லெப்டொப் போதுமாம்

கணினி வாங்கப் போன அன்று சண்டை போடும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. என்ன வேண்டும் என்று கைத்தொலைபேசியில் எழுதி வைத்திருந்தேன். அதைக் கடைக்காரரிடம் வாசித்துக் காட்டி, வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

கட்டடங்கள் எழும்பும் முன்பே அவற்றைக் கணினியில் முப்பரிமாணமாகக் கட்டிக் காட்டுவது என் தொழில். அக்குறணையில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் இருந்தபடியே செய்கிறேன். பேராதனையில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் கட்டட வடிவமைப்பாளர் ஒருவர்தான் எனக்கு வேலை தருகிறார். ஹந்தானைப் பக்கம் கட்டப்போகும் ஒரு விடுதிக்கு, வாசலிலிருந்து மாடிவரை நடந்து பார்ப்பது போன்ற வீடியோ அவருக்கு வேண்டியிருந்தது. என்னுடைய பழைய லெப்டொப்போ கொஞ்சம் கடுமையாக உழைத்தால் கொதித்துத் தானாகவே அணைந்துவிடும். “ஏலாதெண்டா சொல்லுங்கோ பிள்ளை, கொழும்பிலை ஆள் இருக்கு” என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் இந்த வேலை கைமாறினால் அடுத்தடுத்த வேலைகளும் அந்த ஆளுக்கே போகும்.

அதனால்தான் கேம் விளையாடுகிறவர்கள் வாங்கும் வகை டெஸ்க்டொப் ஒன்றைத் தீர்மானித்தேன். விளையாட்டுக்கும் என் தொழிலுக்கும் வேண்டியது ஒன்றுதான், பலமான கிராபிக்ஸ் கார்ட். அதே விலைக்கு லெப்டொப்பும் கிடைக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் கார்ட், பெயரில் மட்டும்தான் டெஸ்க்டொப் கார்டுக்குச் சமம். சூடு வெளியேற இடமில்லை. ஒரு பாகம் பழுதானால் முழுவதையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். டெஸ்க்டொப்பில் இன்றைக்கு முடியாததை அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளலாம். கரண்ட் போனால் அணைந்துவிடும் என்பது உண்மை. அதற்காகச் சின்ன யு.பி.எஸ் ஒன்றையும் என் சேமிப்புக்குள் அடக்கியிருந்தேன். வெளியே கொண்டுபோக முடியாது என்பதும் உண்மை. நான் எங்கே கொண்டுபோகப் போகிறேன்?

வாப்பா மாத்தளை வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். அவருடைய வியாபார முறையில் தெரியாத கடைக்குப் போவதென்பதே கிடையாது. கண்டி டவுனில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவருடைய கணினிக் கடைக்குப் போனோம். முதலில் தேநீர் வந்தது.

“மகனுக்கா ஹாஜியார்?”

“இல்ல தம்பி, மகளுக்கு.”

நான் பட்டியலை வாசித்தேன். கடைக்காரர் சிரித்தார், வாப்பாவைப் பார்த்து.

“மகள் கேம் அடிக்கிறவா போல!”

“இல்ல, வேலைக்கு” என்றேன்.

“வேலைக்கெண்டா லெப்டொப் ஒண்டு போதுமே ஹாஜியார்.”

பதில் சொல்லிப் பயனில்லை என்று நினைத்து, பின்பக்கம் அடுக்கியிருந்த கார்டுகளின் விவரங்களைப் பார்க்கப் போனேன். அதுதான் பிழை. திரும்பி வந்தபோது, விசைப்பலகையில் சிவப்பு வெளிச்சம் எரியும் லெப்டொப் ஒன்று மேசையில் இருந்தது. தேநீர் குடித்து முடிப்பதற்குள் இருவரும் விலை பேசி, கை கொடுத்து முடித்திருந்தார்கள்.

“நல்ல வெலக்கித் தந்தீக்கிறார் மகள்” என்றார் வாப்பா.

“நான் கேட்டது இது இல்லயே வாப்பா.”

“கை குடுத்தாச்சே.”

வியாபாரிகளுக்குள் கை கொடுத்தால் முடிந்தது. வாப்பா அதிலிருந்து பின்வாங்கி நான் பார்த்ததில்லை. அந்தக் குணத்தை நான் மதிக்கிறவள்தான். ஆனால் என் தொழிலை வைத்து, என்னைக் கேட்காமல் கொடுத்த கை அது.

“வாப்பா, உங்கட கடைக்குத் தண்ணி டேங்க் கேட்டு வாற ஆளுக்கு வாளியக் குடுத்து அனுப்புவீங்களா? தூக்கிட்டுப் போக லேசி எண்டு?”

வாப்பா தேநீர்க் கோப்பையை எடுத்தார். கடைக்காரர் பேசினார்.

“கோவிக்காதீங்க மகள். நாளக்கி கலியாணம் முடிச்சிப் போறப்ப பெட்டி, மொனிட்டர் எல்லாம் தூக்கிட்டா போவீங்க?”

“எங்கட வீட்டுல கலியாணம் முடிச்சி வீடு மாறினது தாத்தாட மாப்பிள்ள மட்டும்தான். அவரும் எங்கட வீட்டுக்குத்தான் வந்தீக்கிறார்.”

வாப்பாவுக்குப் புரையேறியது. அக்காவை நாங்கள் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவளுடைய கணவர், என் மச்சான், எங்கள் வீட்டோடு இருப்பது அந்தக் கடைக்காரருக்கும் தெரியும். மச்சானுடைய கலியாண விருந்தில் சாப்பிட்டவர்தான் அவர்.

என் பையில் விடுதி வேலையின் கோப்பு பென் டிரைவில் இருந்தது. “இத இதுல ஓட்டிக் காட்டுங்க” என்று கொடுத்தேன். விசிறி இரையத் தொடங்கியது. “சார்ஜர் போட்டா சரி” என்றார் கடைக்காரர். போட்டார். மாடிப்படி வரும் இடத்தில் படம் தடுக்கித் தடுக்கி நின்றது. வாப்பா லெப்டொப்பின் அடியில் கையை வைத்துவிட்டு, சட்டென்று எடுத்தார்.

“தம்பி, நான் குடுத்த கையத் திருப்பித் தாங்க” என்றார். “மகள் கேட்டதையே குடுங்க.”

கடைக்காரர் கொடுத்தார். ஆனால் கடைசிவரை ஒவ்வொரு கேள்வியும் வாப்பாவிடம்தான் போனது. எந்தப் பெட்டி, எத்தனை விசிறி, எவ்வளவு பெரிய திரை. வாப்பா ஒவ்வொன்றுக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன். அவர் அதையே மறுபடி சொன்னார். அதன் பிறகுதான் கடைக்காரருக்குக் காது கேட்டது. நான் மகனாக இருந்திருந்தால் அந்தப் பட்டியலை ஒரு தடவை வாசித்தது போதுமாக இருந்திருக்கும். எதையும் ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

வீடியோவைச் சொன்ன நாளில் கொடுத்தேன். வடிவமைப்பாளர் அடுத்த கட்டடத்தின் வரைபடங்களை அனுப்பிவிட்டார். மாத்தளை வீதிக் கடைகளில் வாப்பா, “மகளுக்குப் பெரிய கம்பியூட்டர் ஒண்டு பாத்து வாங்கிக் குடுத்தேன்” என்று சந்தோஷமாகச் சொல்லித் திரிகிறாராம். பாத்ததும் நான். வாங்கினதும் நான். ஒருநாள் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும்.