வெட்டுப்பட்ட ராணிக் காசு

காளியப்பனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு தசராவில். தொண்ணூற்று இரண்டோ மூன்றோ, சரியாக நினைவில்லை. அரண்மனை வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவனை ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, கையிலிருந்த கறுப்புத் தடியை அவன் இடுப்பருகே கொண்டுவந்தார். அது கீ என்று கத்தியது. சாவிக்கொத்துதான். வேறொருவனாக இருந்தால் சாவியை எடுத்துக் காட்டிவிட்டு யானை பார்க்கப் போயிருப்பான். இவன், "சார், இன்னொரு தடவ வெச்சுக் காட்டுங்க" என்றான். போலீஸ்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வரிசையிலிருந்தே வெளியேற்றினார். அந்த வருஷம் அவன் பெண்சாதி பொன்னம்மா தனியாகத்தான் யானை பார்த்தாள்.

காளியப்பனுக்குச் சொந்த ஊர் ஹனூர்ப் பக்கம். மழை ஏமாற்றிய ஒரு வருஷத்தில் மானாவாரிக் காட்டை அண்ணனிடம் விட்டுவிட்டு மைசூருக்கு பஸ் ஏறியவன், அங்கே ஹெப்பாளில் மோட்டார் செய்கிற ஒரு கம்பெனியில் காயில் சுற்றுகிற வேலையில் சேர்ந்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை செம்புக் கம்பிதான். அந்தப் போலீஸ் தடிக்குள் இருப்பதும் இதே கம்பிச் சுற்றுதான் என்று கூட வேலை செய்கிறவன் ஒருவன் சொல்லிவிட்டான். அவ்வளவுதான், இவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டு மிச்சக் கம்பி வாங்கினான். பக்கெட் மூடியில் சுற்றினான். பாக்கெட் ரேடியோவைப் பிரித்தான். எல்லாவற்றையும் ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டினான். முதல் மெஷின் ஊமை. இரண்டாவது, இரும்பைக் கண்டால் சும்மா இருந்துவிட்டு நேரங்கெட்ட நேரத்தில் கன்னடச் செய்தி வாசித்தது. மூன்றாவது மெஷினைத் தோசைக்கல்லின் மேல் பிடித்ததும் வீல் என்றது.

"ஏனுங்க, தோசக்கல்லு அங்க இருக்கறது எனக்கே தெரியும். அதைச் சொல்றதுக்கு ஒரு மெஷினா?" என்றாள் பொன்னம்மா. பக்கெட்டுக்கு மூடி போய், ஒட்டடை அடிக்கக் கம்பும் போன வயிற்றெரிச்சல் அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், லூனா மொபெட்டின் பின்னால் மெஷினைக் கட்டிக்கொண்டு நஞ்சன்கூடு ரோட்டில் கிளம்பிவிடுவான். ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அங்கே வயல்களுக்கு நடுவில் சற்று மேடான ஒரு பகுதி உண்டு. வெள்ளைக்காரப் பட்டாளம் அந்தக் காலத்தில் கூடாரம் அடித்துக் கிடந்த இடம் என்பது ஊர்ப் பேச்சு. உழும்போதெல்லாம் ஈயக் குண்டு கிடைக்கும், பிள்ளைகள் கோலி விளையாடுவார்கள். காளியப்பனுக்கு இது போதாதா? ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு, கம்பைத் தரையோடு தரையாக ஆட்டி ஆட்டி நடப்பான். தூரத்திலிருந்து பார்த்தால் புல்லுக்குச் சாமரம் வீசுகிறவன் போலத் தெரியும். பத்து தடவை கத்தினால் ஏழு தடவை சோடா மூடி, இரண்டு தடவை டிராக்டர் நட்டு. பத்தாவது தடவைதான் பித்தளைப் பொத்தானோ, குதிரை லாடமோ, பெல்ட் கொக்கியோ வரும். அதைத் துடைத்து பிஸ்கட் டப்பாவில் போடும்போது அவன் வாயெல்லாம் பல்.

வேலையில் அவனுக்கு ஒரு சுத்தம் உண்டு, அதைச் சொல்லத்தான் வேண்டும். மேல் புல்லை வட்டமாக அறுத்து எடுத்து ஓரமாக வைப்பான். தோண்டின மண்ணைச் சாக்கில் கொட்டுவான். பொருளை எடுத்ததும் மண்ணைத் திருப்பிப் போட்டு, மிதித்து, புல்லை மேலே மூடிவிடுவான். தோண்டின இடம் தோண்டினவனுக்கே தெரியாது. ஊரான் வயலில் காலை வைக்கிறவன் தடம் வைக்கக் கூடாது என்பது அவன் கட்சி.

அந்த மேட்டில் கௌரம்மாவின் அரை ஏக்கரும் இருந்தது. அவள் கொள்ளேகால் பெண், தமிழ்க் குடும்பம். கல்யாணமாகி இங்கே வந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு வயலில் கேழ்வரகு போடுவாள், அது சாப்பாட்டுக்கே சரியாகிவிடும். கைச்செலவுக்கு வழி, வரப்பை ஒட்டி அவள் வைத்திருந்த மல்லிகை வரிசைதான். விடிவதற்கு முன் மொட்டுப் பறித்து முதல் பஸ்ஸில் மைசூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். காளியப்பன் முதலில் கிடைத்ததையெல்லாம் அவளிடம் கொண்டுபோய்க் காட்டினான். கொஞ்ச நாளில் அவளுக்கு அலுத்துப்போயிற்று.

"அட ஏம்ப்பா, ஆணியும் நட்டும் என்ற கண்ணுல காட்டிக்கிட்டு. எடுத்துக்கிட்டுப் போ. பூச்செடி வேர மட்டும் தொட்டுடாத" என்று சொல்லிவிட்டாள்.

வினை அங்கேதான் வந்தது. கோடை உழவு முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மார்க்கெட் போயிருந்த நேரம், மல்லிகை வரிசைப் பக்கம் மெஷின் வீல் என்றது. தோண்டினால் ஒரு செம்புக் காசு. விக்டோரியா ராணி தலை. விளிம்பில் ஆழமாக ஒரு வெட்டு. காளியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வீட்டுக்குப் பறந்தான். மறுநாள் கம்பெனி கேன்டீனில் அந்தக் காசுக்கு ஒரு கதை தயாராக இருந்தது. மைசூர்க் குதிரைக்காரன் ஒருவன் வாளை வீசினானாம், சிப்பாயின் இடுப்புப் பையிலிருந்த காசு குறுக்கே வந்து உயிரைக் காப்பாற்றியதாம். மைசூர்க்காரர்களும் வெள்ளைக்காரர்களும் போட்ட அந்தச் சண்டை, ராணி பிறப்பதற்கு முன்பே முடிந்துபோனது. காசில் வருஷம் வேறு பளிச்சென்று இருந்தது. கதை சொல்ல உட்கார்ந்தவன் வருஷத்தையா பார்ப்பான்? காசு பிஸ்கட் டப்பாவுக்கே போகவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில், டீக்கடையில், முடிவெட்டுகிற கடையில் எல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தான்.

மழை பெய்து நின்ற ஒரு ஞாயிறு, வழக்கம்போல லூனாவில் போனவன், கௌரம்மாவின் வரப்பில் பாதி ஊர் நிற்பதைப் பார்த்தான். பக்கத்து வயல்காரன் மல்லப்பன் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றான். நல்ல உயரம், குரலும் அதற்குத் தகுந்தது. கன்னடக்காரன், தமிழைக் கௌரம்மாவின் புருஷனோடு பழகிப் பழகியே கற்றுக்கொண்டவன், நடுநடுவே கன்னடம் கலந்துவிடும்.

விஷயம் இதுதான். கோடை உழவுக்கு மல்லப்பன் வாடகைக்குப் பிடித்த டிராக்டர், இரண்டு வயலுக்கும் நடுவிலிருந்த எல்லைக் கல்லைப் பெயர்த்துத் தள்ளிவிட்டது. டிரைவர் அதை ஓரமாக உருட்டிவிட்டுப் போய்விட்டான். வரப்பும் கலைந்துபோனது. இப்போது மல்லப்பன், கல் மல்லிகைக்குக் கௌரம்மாவின் வயல் பக்கம் இருந்தது, வரிசை தன் நிலத்தில்தான் நிற்கிறது என்கிறான். கௌரம்மா, இல்லை, மல்லப்பன் வயல் பக்கம்தான் இருந்தது என்கிறாள். சர்வேயர் எப்போது வருவாரோ, அது அவருக்கே தெரியாது.

"வா காளியப்பா, உனக்காகத்தான் நிக்கறோம்" என்றாள் கௌரம்மா. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்த கை நிற்கவேயில்லை. "மெஷின எறக்கு. கல்லு நட்டிருந்த எடத்துல காசு இருக்கு, அது எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லு."

"காசுங்களா? என்ன காசுக்கா?"

மல்லப்பன் விளக்கினான். "நம்ம ஊர்ல கல்லு நட்டா அடியில ஒரு ராணிக் காசு போடோது வழக்கம். யாரும் எடுத்துச் செலவு மாடக் கூடாதுன்னு ஓரத்துல உளி வெச்சு ஒரு வெட்டு. என் அப்பாவும் இவ மாமனாரும் சேர்ந்து போட்டது. காசு எங்க இருக்கோ, கல்லு அங்கே. நான் ஒத்துக்கிட்டேன், அவளும் ஒத்துக்கிட்டா. ஆயித்து."

காளியப்பனின் சட்டைப் பையில் கிடந்த காசு திடீரென்று கனத்தது. குதிரைக்காரனும் போனான், வாளும் போயிற்று. இருந்தாலும் அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று மெஷினை இறக்கி, மல்லப்பன் காட்டிய இடத்தில் ஆட்டினான். சத்தமில்லை. கௌரம்மா காட்டிய இடத்தில், பூச்செடிக்கு அந்தப் பக்கமாக ஆட்டினான். அங்கேயும் சத்தமில்லை. எப்படி இருக்கும்? தோண்டின இடம் எது என்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். அவன் செய்த வேலையாயிற்றே, அடையாளம் இருக்குமா? போதாததற்கு மழையும் பெய்திருந்தது. தன் சுத்தத்தை முதல் தடவையாகத் தானே சபித்தான்.

"நல்லாப் பாரு காளியப்பா" என்றாள் கௌரம்மா. "இந்தப் பூவும் போச்சுன்னா நான் கூலிக்குத்தான் போவோணும்."

கௌரம்மா காட்டிய இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மண்ணைக் கிளறுகிற சாக்கில் குனிந்து, சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டான். விரலைத் தளர்த்தினால் போதும். காசு மண்ணில் விழும், மெஷின் கத்தும், பூச்செடி பிழைக்கும், தன் மானமும் பிழைக்கும். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று மனசு வக்கீல் வேலை பார்த்தது. கௌரம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் பாதத்தை நிமிராமலே பார்க்க முடிந்தது, தேய்ந்த நகங்கள், ஈரச் சேறு.

"நிதானமாப் பாரு" என்றான் மல்லப்பன். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவனும் எதிரில் உட்கார்ந்தான். "நீ எங்க காட்டினாலும் எனக்குச் சரி. உன் மெஷினுக்கு வேண்டியவனும் இல்ல, வேண்டாதவனும் இல்ல."

இப்படிச் சொன்னால் மனிதன் என்னதான் செய்வான்? காளியப்பன் எழுந்தான். கையை விரித்துக் காட்டினான்.

"காசு இங்க இருக்குதுங்க. மழைக்கு முந்தியே நாந்தான் எடுத்துட்டேன். எல்லைக் காசுன்னு தெரியாதுங்க. எந்த இடத்துல எடுத்தேன்னும் இப்பத் தெரியல."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் அவன் மெஷினைப் பிடுங்கி வைக்கச் சொன்னார். கௌரம்மா காசையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் அவனைக் கொன்றது. ஏதாவது ஒன்று, ஒரே ஒரு அடையாளம் ஞாபகத்துக்கு வராதா என்று தவித்தான். அப்போதுதான் பொன்னம்மாவின் வசவு காதில் விழுந்தது போல இருந்தது. காசு எடுத்த அன்றைக்குச் சட்டையைத் துவைக்கப் போட்டபோது அவள் ஏசிய ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை. வயலுக்குப் போனீங்களா, அடுப்புக்குள்ள போனீங்களா என்று கேட்டாள்.

"கரி" என்றான் காளியப்பன். "அந்தக் குழியில கரி இருந்துச்சுங்க. கையெல்லாம் கறுப்பாயிருச்சு."

மல்லப்பன் நெற்றியில் தட்டிக்கொண்டான். "ஹௌது, ஆமா, கரி. காசு போடறதுக்கு முன்னால என் அப்பா ஒரு கூடை அடுப்புக்கரி கொட்டினார். நான்தான் தூக்கிட்டு வந்தேன், அதே மறந்துட்டேன் நோடு. காசு போனாலும் கரி போகாது."

மண்வெட்டியை எடுத்தவனும் அவனேதான். தான் சொன்ன இடத்திலிருந்து, வரப்புக்குக் குறுக்கே ஒரு கால்வாய் போல வெட்டிக்கொண்டு போனார்கள். அவன் சொன்ன இடத்தில் செம்மண்தான் வந்தது. பூச்செடிக்கு அடியில் வேர் அறுபடாமல் கையாலேயே தோண்டிப் பார்த்தான் காளியப்பன். அங்கேயும் செம்மண். கௌரம்மா காட்டிய இடத்துக்கு வந்தார்கள். அங்கேயும் செம்மண்ணைத் தவிர வேறொன்றும் வரவில்லை. கௌரம்மா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். காளியப்பன் "இன்னும் கொஞ்சம் போலாங்க" என்று கெஞ்சினான். மல்லப்பன் தன் உழவு நிலத்துக்குள்ளேயே இறங்கி, இன்னும் ஒரு தப்படி தூரம் வெட்டினான். மண்வெட்டி கறுப்பாக வெளியே வந்தது.

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். மல்லப்பன் கரியைக் கையில் எடுத்து, முகர்ந்து, தன் நிலத்தைப் பார்த்து, பெருமூச்சு விட்டான். "பூவும் போச்சு, எனக்கு ஒரு சால் நிலமும் போச்சு. காளியப்பா, உனக்காக நான் நின்னிருக்கவே கூடாது" என்றான். சொல்லிக்கொண்டே கல்லின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கவும் ஆரம்பித்துவிட்டான். மறுமுனையைக் காளியப்பன் பிடித்தான். காசைக் கரியின் மேல் அவனே வைத்தான். வைக்கும்போது கொஞ்சம் வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அவனுக்குக் கிடைத்ததிலேயே அழகான காசு அது.

எல்லாரும் கலைந்த பிறகு மெஷினை லூனாவில் கட்டினான். கௌரம்மா ஒரு முழம் பூவை வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தா, பொன்னம்மாவுக்குக் குடு."

"இனிமே இந்தப் பக்கம் மெஷினோட வரமாட்டனுங்கக்கா. உங்களுக்கு எவ்வளவு பெரிய கெடுதல் பண்ணப் பாத்தேன்."

"ஏன் வராம? வா, எடுத்தத மட்டும் காட்டிட்டுப் போ." லூனாவின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள். "நீ கைய மூடிக்கிட்டுக் குனிஞ்சு உக்காந்திருந்தியே, அப்பவே பாத்துட்டேன் காளியப்பா. உள்ள என்ன இருக்குதுன்னும் புரிஞ்சுது. போடட்டும், போடட்டும்னுதான் நின்னேன்."

காளியப்பன் பூப்பொட்டலத்தின் நாரை இறுக்கிக் கட்டினான்.

"போட்டிருந்தீன்னா நானும் வாயத் தொறந்திருக்க மாட்டேன்" என்றாள் கௌரம்மா. "அப்புறம் தினம் விடியக்காலம் அந்தப் பூவ எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பறிப்பேன்?"