ஒரு காருக்கு ஒரு ஆள்

ஆஸ்பத்திரி வாசலை விட்டு நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் அண்ணனுடைய கார் சாவி. நோயாளியைப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை என்று காவலாளி என்னை வெளியிலேயே நிறுத்தியிருந்தார். வெகு நேரம் கழித்து ஒரு தாதி வந்து பையைக் கொடுத்தாள். கண்கள் மட்டும் தெரிந்தன.

"அவங்க வைஃப வரச் சொல்லுங்க. ஒருத்தர மட்டும் உள்ள விடுவோம்."

யாரையும் விடாதவர்கள் இப்போது ஒருவரை விடுகிறார்கள். ஆறாம் ஆண்டோடு நின்ற என் படிப்புக்கும் அது புரிந்தது.

தெருவில் ஆளே இல்லை. நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைகளில் நாற்காலிகளைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். எப்போதும் வண்டிகள் முட்டிக்கொள்ளும் சாலையை ஓர் உடும்பு நிதானமாகக் கடந்து சாக்கடைக்குள் இறங்கியது.

அண்ணன் எனக்கு உறவில்லை. தேநீர்க் கடைக்காரர். நான் ஊர் ஊராக லாரி ஓட்டித் திரிந்தவன். நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வேலை நின்றபோது, தம் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்ளச் சொன்னார்.

இரண்டு நாளாக அவருக்கு நெஞ்சை அடைத்தது. "காத்துடா," என்பார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், மினியாக் தைலத்தைத் தேய்த்துவிடுவார். ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று அண்ணன் கூடத்திலேயே நடப்பார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணே."

"போனா கொரோனாவ வாங்கிட்டு வரலாம். சும்மாவே கொடுக்கிறான்லா." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

அன்று காலை இடது கை கனக்கிறது என்றார். சட்டை நனைந்திருந்தது. நான் சாவியை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டார்.

"ஒரு காருக்கு ஒரு ஆள்னு டிவில சொன்னான்ல? ரெண்டு பேரப் பார்த்தா சம்மன் போடுவான். உன் ஐசி கார்டுல வெளி மாநிலம், கெடா அட்ரஸ் வேற."

"அப்ப ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க," என்றார் அக்கா.

"விண்வெளிக்குப் போறவன் மாதிரி உடுத்திட்டு வந்து தூக்குவான். அதப் பார்த்தவன் நாளைக்கு என் கடைல டீ குடிப்பானா?"

அவரே ஓட்டிப் போனார். போலீஸ் தடுப்புக்கு முன்னால் நின்ற வரிசையில் அவருடைய கார் மட்டும் நகரவில்லை. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தானாம். போலீஸ்காரர்கள் கண்ணாடியைத் தட்டிப் பார்த்து ஆம்புலன்ஸை அழைத்தார்கள். அவருடைய போனிலிருந்தே அக்காவுக்கும் சொன்னார்கள். நான் நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன்.

இப்போது கார் அந்தத் தடுப்புக்குப் பக்கத்தில் சாலை ஓரமாகத் தள்ளி நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே தைல வாசனை. வீட்டுக்கு ஓட்டினேன். அக்கா வாசலில் நின்றிருந்தார்.

"கண்ணு முழிச்சிட்டாரா?"

"உங்கள வரச் சொல்றாங்கக்கா."

"யாரையும் விட மாட்டேன்னாங்களே. இப்ப எதுக்கு?"

நான் பின்கதவைத் திறந்தேன். அவர் ஏறிக்கொண்டார்.

தடுப்பில் ஓர் இளம் போலீஸ்காரர் குனிந்து எங்கள் இருவரையும் பார்த்தார். ஆஸ்பத்திரி என்றேன். "ஜாலான், ஜாலான்," என்று போகச் சொல்லி அவசரமாகக் கையசைத்தார். அடையாள அட்டையைக்கூடக் கேட்கவில்லை.

அக்கா திரும்பித் தடுப்பையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"விட்டுட்டான்," என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடியும், "ரெண்டு பேரையும் விட்டுட்டான்."

அக்கா உள்ளே போனபோது அண்ணனுக்கு உயிர் இருந்தது. மாலைக்குள் போய்விட்டது. சுடலைக்குக் குடும்பத்தார் சிலர் மட்டுமே வரலாம் என்றார்கள். அதில் எனக்கு இடமில்லை.

மறுநாள் காலை, அவர்கள் சுடலைக்குக் கிளம்பிய நேரத்தில், நான் காய்கறிப் பசாருக்கு நடந்தேன். வாசலில் நிற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கும் கருவி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ஒரு வீட்டுக்கு ஓர் ஆளைத்தான் உள்ளே விட வேண்டும், கூட வருகிறவர் யாராக இருந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு, வாசலை மறித்துக் கட்டியிருந்த கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.