டேஷ்போர்டுக்குள் ஒரு கீச்சு

கார் பட்டறையில் சர்வீஸ் அட்வைசராக இருப்பவளுக்குச் சம்பளமே காதுக்குத்தான். நான் வண்டியைக் கழற்றுவதும் இல்லை, மாட்டுவதும் இல்லை. முடிச்சூர் ரோட்டில் எங்கள் பட்டறை வாசலில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு, மெக்கானிக் பாபு அண்ணாவுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் சொல்வதும் பெரும்பாலும் சத்தம்தான். ‘டக டக’ என்பார்கள், ‘கட கட’ என்பார்கள், சிலர் வாயைக் குவித்து ‘ஙொய்ங்’ என்று இழுத்தும் காட்டுவார்கள். சொல்லி முடித்துவிட்டு, இப்போது பார்த்து வரமாட்டேன் என்கிறதே என்று வருத்தப்படுவார்கள்.

கார் வைத்திருக்கிற உங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. என்னிடமும் ஒரு பழைய கார் இருக்கிறது. அதில் வருகிற சத்தத்துக்கு, ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பதுதான் நான் செய்யும் வைத்தியம். பட்டறையில் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

சஸ்பென்ஷன் சந்தேகம்

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். வண்டி திரும்பும்போதெல்லாம் பின்னால் ‘டிங்’ என்று கேட்கிறது என்றார் அந்த அம்மா. கணவர் உடனே, “சஸ்பென்ஷன்தான் மேடம், சந்தேகமே இல்ல. அதை மட்டும் பாருங்க, மத்ததெல்லாம் தொட வேணாம்” என்றார். பாபு அண்ணா வண்டியை மேலே தூக்கி அடியில் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் தளர்ந்திருக்கவில்லை. டிக்கியைத் திறக்கப் போனால், “அங்க ஒண்ணும் இல்லங்க” என்று கணவர் குறுக்கே வந்து நின்றார்.

அங்கேதான் இருந்தது. ஸ்டெப்னிக்கு அடியில், ஒரு பழைய துண்டில் அரைகுறையாகச் சுற்றி, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய வெண்கல மணி. இனிமேல் பழைய சாமான் ஒன்றுகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்று அந்த அம்மா கறாராகச் சொல்லியிருந்தாராம். மனுஷன் வாங்கிவிட்டார், வீட்டுக்குள் கொண்டுபோகத்தான் தைரியம் வரவில்லை. அந்த அம்மா மணியைக் கையில் வாங்கி ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதான் உங்க சஸ்பென்ஷனா?”

ஓடாத டயர்

சேலையூரில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வருவதோடு சரி, மற்ற நாளெல்லாம் கார் உறை போட்டுத் தூங்கும். டயரின் பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விட்டிருந்தது. நாலையும் மாற்ற வேண்டும் என்றேன். அவர் குனிந்து டயரின் பள்ளத்தில் விரலை விட்டுக் காட்டினார். “பட்டன் அப்படியே இருக்கு பாருங்கம்மா. தேயவே இல்ல. ஓடாத டயர் எப்படிக் கெடும்?” என்று பரீட்சைத் தாளில் கேள்வி கேட்பதுபோல் கேட்டார்.

தேய்மானம் வேறு, வயது வேறு, நின்ற இடத்திலேயே ரப்பர் இறுகிப்போகும் என்று நான் விளக்கினேன். அவர் தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து, வேறொரு வண்டிக்கு அடியிலிருந்து பாபு அண்ணாவின் குரல் மட்டும் வந்தது: “கோச்சுக்காத சார். நீயும் ரிட்டேர் ஆயி வூட்லதான் குந்திகினு கீற. வயசு ஆவாமயா கீது?”

கை தூக்குகிற சவாரி

இனி நடராஜன் சார் கதைக்கு வருகிறேன். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் சொந்தமாகப் பிரஸ் ஷாப் வைத்திருக்கிறார். நாள் முழுவதும் ‘தும் தும்’ என்று தகட்டை வெட்டித் தள்ளுகிற மிஷின்கள். ஷெட் வாசலில் நின்றபடியே, எந்த மிஷினில் தகட்டை வெட்டுகிற அச்சு, அதாவது டை, தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாராம். இதை அவரே சொன்னார். கூட வந்த மனைவி வசந்தாவைக் காட்டி, “இவங்களுக்குத்தான் வண்டியில ஏதோ சத்தம் கேக்குதாம் மேடம். எனக்குக் கேக்கல. எனக்கே கேக்கலன்னா சத்தம் இல்லன்னு அர்த்தம்” என்றார்.

இப்படிப்பட்ட வழக்குகளுக்கு எங்களிடம் ஒரு ஏற்பாடு உண்டு. சொந்தக்காரர் ஓட்ட வேண்டும், நான் பக்கத்தில் உட்காருவேன். ரேடியோ கிடையாது, பேச்சு கிடையாது. சத்தம் கேட்டவர் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். அவுட்டர் ரிங் ரோடு வரை போய்த் திரும்பினோம். சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் டேஷ்போர்டின் இடது மூலையில் மெல்லிசாக ஒரு கீச்சு. நான் கை தூக்கினேன். பின் சீட்டில் வசந்தாவும் தூக்கினார். அடுத்த பள்ளத்திலும் அப்படியே. சார் மட்டும் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

பட்டறைக்கு வந்ததும், டேஷ்போர்டைப் பிரித்து ஒரு ஸ்பாஞ்ச் துண்டு வைத்தால் தீர்ந்துவிடும் என்றேன். இல்லாத சத்தத்துக்கு நல்ல டேஷ்போர்டைப் பிரிப்பார்களா என்று மறுத்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்: “கண்ணாடியில பார்த்துட்டுத்தான் இருந்தேன். ரெண்டு பேரும் பேசி வச்சு ஒண்ணாக் கை தூக்குறீங்க!”

சத்தமில்லாத டயர்

அவர் வீம்பு பிடித்தவர், ஆனால் மோசமானவர் இல்லை. மனைவி சும்மா சொல்ல மாட்டார் என்று மனதுக்குள் உறுத்தியிருக்கிறது. ரோட்டுச் சத்தத்தைத்தான் வசந்தா ஏதோ என்று நினைத்துக்கொள்கிறார் என்று அவராகவே முடிவு கட்டி, குரோம்பேட்டையில் ஒரு டயர் கடைக்குப் போயிருக்கிறார். நெடுநாள் உழைக்கிற டயர் ஒன்று, சத்தம் குறைவான டயர் ஒன்று என்று கடைக்காரர் இரண்டைக் காட்டினாராம். வாழ்நாளெல்லாம் உழைக்கிற சாமானையே பார்த்து வாங்கிய மனுஷன், முதல் தடவையாக மற்றதை எடுத்தார். இருந்த டயரில் பாதி ஆயுசு மிச்சம் இருந்தது. மனைவிக்காக நாலையும் மாற்றினார்.

அலைன்மென்ட் பார்க்க எங்களிடம் வந்தபோது அவர் முகத்தில் ஒரு வெற்றிக் களை. “இப்ப வெண்ணெய் மாதிரி போகுது மேடம்” என்றார். உண்மைதான், டயர் இரைச்சல் சுத்தமாகப் போயிருந்தது. அவர் பாபு அண்ணாவோடு உள்ளே போனதும் வசந்தா என் பக்கமாகக் குனிந்து சொன்னார்: “முன்னாடியாவது டயர் இரைச்சல்ல கொஞ்சம் அமுங்கிக் கிடந்தது மேடம். இப்ப அந்தக் கீச்சு தெள்ளத் தெளிவாக் கேக்குது.”

காது டாக்டரிடம் போனது யார்?

சில வாரம் கழித்து வசந்தா தனியாக ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வண்டி எங்கே என்று கேட்டேன். வண்டி சாரிடம் இருக்கிறது, நான் அவரைப் பற்றிப் பேசத்தான் வந்தேன் என்றார். அப்புறம் நடந்ததைச் சொன்னார். புது டயர் போட்டும் தனக்குச் சத்தம் கேட்கிறது என்று வசந்தா சொன்னதும், சார் ரொம்பக் கவலைப்பட்டு அவரைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். டாக்டர் சோதித்துப் பார்த்து, அம்மாவுக்குக் காது பிரமாதம் என்று சொல்லிவிட்டார். அப்படியே நீங்களும் காட்டுங்களேன் என்று வசந்தா கேட்டதற்கு, எனக்கு என்ன குறை என்று எழுந்து வந்துவிட்டாராம். சொல்லும்போது எங்கள் இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்தது. அடுத்ததைச் சொன்னபோது வரவில்லை.

பெருங்களத்தூரில் ஊருக்குப் போகிற கூட்டம், ஜி.எஸ்.டி. ரோடு நிரம்பி வழிந்த ஒரு நாள். கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாராம் சார். பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டே நின்றிருக்கிறது. சார் ஒதுங்கவே இல்லை. வசந்தா தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் கண்ணாடியில் பார்த்து, பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டினாராம். வீட்டுக்கு வந்து, சைரன் போடாமல் வந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்றாராம். கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டால் வண்டியை விட வேண்டிவரும், ஷெட்டிலும் தன் பேச்சு எடுபடாது என்று பயப்படுகிறார் போல என்றார் வசந்தா. நீங்கள் சொன்னால் கேட்பார் என்றார். ஒரு கஸ்டமரிடம் போய், வண்டி நன்றாக இருக்கிறது, உங்கள் காதுதான் சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது? நான் தயங்குவது அவருக்குத் தெரிந்தது. “அவர் கோச்சுக்கிட்டாக்கூடப் பரவாயில்ல மேடம். அந்த ஆம்புலன்ஸ்ல படுத்திருந்தவங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா, அவங்க வீட்ல நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?”

சென்சார் செத்துப்போச்சு

எனக்கு அந்தச் சிரமம் வைக்காமல் சாரே வந்து சேர்ந்தார், வசந்தாவோடு. பின் பம்பர் உள்ளே அமுங்கியிருந்தது. “ரிவர்ஸ் சென்சார் செத்துப்போச்சு மேடம். சுவர்ல போய் இடிக்கிற வரைக்கும் ஒரு பீப் வரல” என்றார். பாபு அண்ணா வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். சார் இன்ஜினை ஓட விடாமல், சாவியை மட்டும் திருகி ரிவர்ஸ் கியர் போட்டார். பீப், பீப், பீப் என்று பட்டறை முழுக்கக் கேட்டது. பாபு அண்ணா ஓரடி முன்னால் வந்ததும் அது விடாமல் கத்த ஆரம்பித்தது. பக்கத்து வண்டியில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “பாத்தீங்களா? ஒரு சத்தமும் இல்ல” என்றார்.

வசந்தா என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் போய், “சத்தம் வருது சார்” என்றேன். அவர் பாபு அண்ணாவைப் பார்த்தார். எப்போதும் கேலி பேசுகிறவர், அன்றைக்குத் தரையைப் பார்த்தபடி, “வருது சார்” என்று மட்டும் சொன்னார். சார் இறங்கி வந்து டிக்கியைத் திறந்தார். உள்ளே ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒட்டியிருந்த, அந்தப் பீப்பை அடிக்கிற பஸ்ஸரின் மேல், மிஷினைத் தொட்டுப் பார்த்தே பழகிய விரலை வைத்தார். அது இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது. வெகு நேரம் விரலை எடுக்கவில்லை. எங்களை எல்லாம் நம்பாதவர் தன் விரலை நம்பினார். பிறகு மெதுவாக, யாரையும் பார்க்காமல் கேட்டார்: “அதிர்வு வருதே... சத்தம் எங்க போச்சு?”

இடது பக்க சீட்

அன்று அவர் வண்டியை எடுக்கவில்லை. சாவியை வசந்தாவிடம் கொடுத்துவிட்டு, இடது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். வசந்தாவுக்கு லைசென்ஸ் இருந்தது, பழக்கம்தான் இல்லை. வீடு வரை இரண்டாவது கியரிலேயே போனதாகப் பிறகு சொன்னார். சார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லையாம். அதே காது டாக்டரிடம் சாரும் காட்டினார்; அவர் சோதித்துவிட்டு, இத்தனை வருஷம் பிரஸ் சத்தத்திலேயே நின்றதால் மெல்லிய சத்தங்கள் முதலில் போய்விட்டன, தடித்த சத்தங்கள் நிற்கின்றன என்றாராம். அதனால்தான் மிஷினின் ‘தும்’ கேட்டிருக்கிறது, சைரன் கேட்கவில்லை. இப்போது ஷெட்டில் எல்லோரும் காதுக்கு மூடி போட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும் என்பது சாரின் சட்டம்.

காதில் மிஷின் வைத்துக்கொண்டு, ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். இறங்கும்போதே ஆயிரம் புகார். இண்டிகேட்டர் இவ்வளவு அடித்துக்கொள்ளுமா? ஏ.சி. ஏன் மூச்சிரைக்கிறது? கிளட்சை மிதித்தால் செருப்பு ஏன் கிறீச்சிடுகிறது? இதெல்லாம் எப்போதும் வருகிற சத்தம்தான் சார் என்றாலும் நம்பவில்லை. சரி, ஒரு சுற்று போய் வருவோம் என்று கிளம்பினோம். அவர் ஓட்ட, வசந்தா பக்கத்தில், நான் பின் சீட்டில்.

மெயின் ரோட்டில் ஏறி முதல் பள்ளத்தில் இறங்கியதும் டேஷ்போர்டு கீச்சென்றது. சார் திடுக்கிட்டு வண்டியை ஓரம் கட்டினார். இடது மூலையைக் கையால் அழுத்திப் பார்த்தார். காதை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். கண்ணெல்லாம் ஆச்சரியம். “இது எத்தனை மாசமாக் கத்திக்கிட்டு இருக்கு? ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டார். வசந்தா ஜன்னல் பக்கமிருந்து திரும்பி, அவர் முகத்தைப் பார்த்து, சண்டையில்லாத குரலில் சொன்னார்: “நான் சொன்னேங்க.”

என் சக கார்க்காரர்களே, வண்டியில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று பக்கத்து சீட்டிலிருந்து குரல் வந்தால், டயரை மாற்றும் முன் அந்தக் குரலை ஒரு தரம் நம்பிப் பாருங்கள், எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.