மூன்று டிரைவர்களுக்கும் காய்ச்சல் வரும் நாள்

1. டைப்ரைட்டர் மேல் விழுந்த தாள்

முசியே (பிரெஞ்சில் ஐயா) என்று நாங்கள் கூப்பிடும் டைரக்டர் என் டைப்ரைட்டர் மேல் ஒரு தாளைப் போட்டார். "நாலு மணிக்குள்ள மூணு காப்பி டைப் பண்ணு. ஒரு தப்பு இருக்கக் கூடாது" என்றார்.

தப்பு அந்தத் தாளிலேயே இருந்தது.

எங்கள் தீவின் தலைநகரான போர்ட் லூயிஸில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பயண ஏஜென்சியில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அப்பா முன்பு கரும்புத் தோட்டத்தில் இருந்தார். வேலைநிறுத்தத்தில் சேர்ந்தார் என்று அங்கிருந்து துரத்திவிட்டார்கள். பிறகு ரயில்வேயில் தண்டவாளம் போடும் கூட்டத்தில் சேர்ந்தார். வேலைநிறுத்தத்தில் சேர்ந்ததற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. என் தங்கைகள் இரண்டு பேரின் படிப்பு என் வேலையை நம்பி இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் யாரும் தமிழ் பேசியதில்லை. முசியே பிரெஞ்சில் திட்டுவார், நாங்கள் தீவின் பேச்சுமொழியான க்ரெயோலில் பதில் சொல்வோம், வாடிக்கையாளர்களிடம் ஆங்கிலம். கோயில் வகுப்பில் படித்த தமிழில் இதை எழுதுகிறேன். பேச்சுகளையும் தமிழாக்கியே தருகிறேன்.

ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஓர் எஞ்சினியர் குடும்பம் வருகிறது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். சரக்கு ஏற்றி இறக்கக் கப்பல் நிற்கும் நாட்களில் அவர்கள் கியூர்பிப் ஹோட்டலில் தங்கி மூன்று நாள் தீவைச் சுற்ற வேண்டும். முசியே தாளில் அந்த மூன்று நாளுக்குப் பதினோரு இடம் வைத்திருந்தார். எல்லாம் காரில். இரண்டாம் நாள் போர்ட் லூயிஸ், சாந்த் குருவா வழியாக பம்ப்லமூஸ் தோட்டம், பிறகு கிராண்ட் பே, மாலைத் தேநீருக்குக் கியூர்பிப்.

அந்த இரண்டாம் நாள் தைப்பூசம். சாந்த் குருவா கோயிலுக்குத்தான் காவடி ஊர்வலங்கள் போகும்.

எங்கள் மூன்று டிரைவர்களில் ஒருவரான கோவிந்தன் அண்ணன் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் தீவில் தை மாதம் கோடை; அந்த வெயிலிலும் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துப் பொத்தான் போட்டிருந்தார். உள்ளே காப்பு கட்டியிருந்தது. விரதம் தொடங்கி நான்கு நாள்.

"அண்ணே, அடுத்த வாரம் அந்த நாள்ல உங்களுக்குத்தான் வண்டி" என்றேன்.

அவர் துணியைப் பிழிந்தார். "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், தங்கச்சி."

"இன்னும் ஆறு நாள் இருக்கே. இப்பவே எப்படித் தெரியும்?"

"எனக்கு மட்டுமா? சின்னத்தம்பிக்கும் காய்ச்சல். முத்துவுக்கும் காய்ச்சல். வருஷா வருஷம் வருது. முருகன் குடுக்கிற காய்ச்சல்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷம் அவர் காவடிக்கு லீவு கேட்டாராம். "என் வாடிக்கையாளருக்கு உன் ஊர்வலம் தெரியாது" என்று முசியே சொல்லிவிட்டார். அதிலிருந்துதான் காய்ச்சல். பூசம் ஒவ்வொரு வருஷமும் வேறு தேதியில் வருவதால் முசியேக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஆனால் போன வருஷம் கடைசி நேரத்தில் மூன்று பேரும் வராமல் போனபோது அவர் மேசையைத் தட்டிச் சொன்னாராம்: "இனிமே நான் வண்டி போட்ட நாள்ல எவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் அவன் திரும்பி வர வேண்டாம்."

அண்ணனுக்கு நான்கு பிள்ளைகள். வேண்டுதலை விட மாட்டார். வேலை போகும்.

2. என் நோட்டு

நான் அந்தத் தாளை டைப் செய்யவில்லை. மேசை டிராயரிலிருந்து என் நோட்டை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரயிலின் மூன்றாம் வகுப்பில் ஏறி ஒவ்வொரு லைனாகப் போய் வருவேன். அம்மாவுக்கு அது பிடிக்காது. "கல்யாணமாகாத பொண்ணு ரயில்ல என்ன தேடுறே?" என்பாள். நான் தேடியது நேரம். ரயில்வே அட்டவணையில் போட்ட நேரம் ஒன்று, ரயில் வந்து சேரும் நேரம் இன்னொன்று. போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பிப்புக்கு மேடு. ரயில் மூச்சு வாங்கி ஏறும். இறங்கும்போது அதே தூரத்துக்குக் குறைந்த நேரம் போதும். ரோஸ் பெல்லில் சூயாக் போகிறவர்கள் வண்டி மாற வேண்டும். எந்த ஸ்டேஷனில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, எங்கே நிழலில் பெஞ்சு இருக்கிறது, எங்கே இறங்கினால் குதிரை வண்டி கிடைக்கும் என்று எல்லாம் எழுதி வைத்திருந்தேன். வரைபடத்தில் இதெல்லாம் இல்லை. முசியே தன் ஊரில் ரயிலேறிப் பல வருஷம் ஆகியிருக்கும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டேஷனுக்கு நடந்து போனேன். பூசத்தன்று வடக்கு லைன் வண்டிகள் வழக்கம்போல ஓடுமா என்று கேட்டேன். "ஓடும், மாம்செல். எங்க டிரைவருக்குக் காவடி இல்ல, சர்ச்தான்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

திரும்பி வந்து என் திட்டத்தை எழுதினேன். முதல் நாள் காரில் எரிமலை வாய், பிறகு சூயாக் கடற்கரை. முசியே வைத்திருந்த ஷாமரேல் அருவியை எடுத்துவிட்டேன். சூயாக், ஷாமரேல் இரண்டில் ஒன்றுதான் ஒரு நாளில் முடியும். எஞ்சினியர் கால் அடிபட்டுக் கைத்தடி ஊன்றி நடப்பவர் என்று கடிதத்தில் இருந்தது. அவர் இறங்கி ஏற ஒவ்வொரு இடத்திலும் கால் மணி, ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிஷம் என்று கூட்டினேன். இரண்டாம் நாள் முழுக்க ரயில்: கியூர்பிப்பிலிருந்து போர்ட் லூயிஸ், வண்டி மாறி பம்ப்லமூஸ், ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்குக் குதிரை வண்டி. கிராண்ட் பே கிடையாது. மூன்றாம் நாள் காலையில் ரயிலில் மாயேபூர். கார் காலியாகப் போய் அங்கே மதியம் அவர்களை ஏற்றிக்கொள்ளும். காவடி எடுத்த மறுநாள் அண்ணன் காலையில் தூங்கட்டும் என்றுதான் அப்படிப் போட்டேன்.

இரண்டாம் நாளுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: இன்று எங்கள் டிரைவர்கள் காவடி எடுக்கிறார்கள். கார் இல்லை.

3. முசியேயும் டெலிபோனும்

முசியே வாசித்தார். காது சிவந்தது.

"நீ டைப்பிஸ்டா, டைரக்டரா?"

"டைப்பிஸ்ட், முசியே."

"பின்னே டைப் பண்ணு. நான் குடுத்ததை."

"நீங்க குடுத்தது நடக்காது. அன்னிக்கு சாந்த் குருவா ரோட்டுல கார் நகராது. ஓட்டவும் ஆள் இல்ல."

"மூணு டிரைவர் இருக்கான் என்கிட்ட!"

"மூணு பேரும் தமிழர், முசியே."

அவர் டெலிபோனை எடுத்தார். ரோஸ் ஹில்லில் ஒரு வாடகைக் கார்காரர். "என்னது, உன் டிரைவர் வர முடியாதா? அவனுக்கும் காய்ச்சலா?" போனை வைத்தார். போர்ட் லூயிஸில் இன்னொருவர். கார் இருக்கிறதாம், சாந்த் குருவா பக்கம் அன்றைக்கு அனுப்ப மாட்டாராம். பீனிக்ஸில் ஒருவர் சிரித்தது எனக்கே கேட்டது. "முசியே, அன்னிக்கு நானே பால்குடம் பார்க்கப் போறேன்!"

முசியே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பல வருஷக் காய்ச்சல் அந்த நிமிஷத்தில் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். கோவிந்தன் அண்ணன் பெயரைச் சொல்லிக் கத்தப்போகிறார் என்று தோன்றியது. நான் முந்திக்கொண்டேன்.

"அன்னிக்கு யாருக்கும் வண்டி போடலைன்னா, யாரும் வராம இருந்ததாவும் ஆகாது."

அவர் என் தாளைத் திரும்ப எடுத்தார். பேனாவால் அந்தக் காவடி வரியை அடித்துவிட்டார். மேலே எழுதினார்: கார்கள் பழுதுபார்க்கப்படுகின்றன.

"இதைப் போடு."

"மாட்டேன், முசியே."

"என்ன சொன்னே?"

"கார் மூணும் நல்லா ஓடுது. பழுதுன்னு என் கையால அடிக்க மாட்டேன். எங்க பூசம் பழுது இல்ல."

பக்கத்து மேசைக் கணக்கர் தலை குனிந்துகொண்டார். முசியே என்னை எழுந்திருக்கச் சொன்னார். என் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டித் தட்டி அந்த ஒரு வரியைத் தானே அடித்தார். முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

எழுந்தபோது சொன்னார்: "ரயில் நாள் உன் யோசனைதானே? நீயே அவங்களோட போ. ஒரு வண்டி தவறினாலும் நேரா வீட்டுக்குப் போயிடு. இங்க வராதே."

4. அது ஒரு நிறுத்தம் இல்லை

பூசத்தன்று கியூர்பிப்பிலிருந்து இறங்கிய வண்டி என் நோட்டில் இருந்த நேரத்துக்கே போர்ட் லூயிஸ் வந்தது. வடக்கு வண்டிக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. எஞ்சினியர் கைத்தடியோடு இறங்கவே கால் மணி ஆயிற்று. முசியேயின் திட்டத்தில் அந்தக் கால் மணிக்கு இடமே இல்லை.

பிளாட்பாரம் முழுக்க எங்கள் ஆட்கள். ரோஜா நிறப் புடவையும் வேட்டியும், தலையில் பால்குடம், கையில் எலுமிச்சம்பழம். எங்கள் ஊரான போ பசானிலிருந்து தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் அலுவலகப் பாவாடையில் நின்றேன்.

"உங்க ஆபீஸ் கார் மூணும் ஒரே நாள்ல கெட்டுப்போச்சாமே?" என்று எஞ்சினியர் கேட்டார்.

"கெட்டுப்போகல, சார். ஓட்டுறவங்க காவடி எடுக்கிறாங்க."

"அப்போ ஏன் பழுதுன்னு எழுதியிருக்கு?"

"நான் எழுதலை."

அவர் சிரித்தார். தோட்டத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெரிய தாமரை இலைகளைப் பார்த்துப் பிள்ளைகள் அதில் உட்கார வேண்டும் என்று அழுததைத் தவிர ஒரு வம்பும் இல்லை. திரும்பும் ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது எஞ்சினியர் கேமராவைத் தோளில் மாட்டினார்.

"இந்தக் குதிரை வண்டியிலேயே சாந்த் குருவாவுக்குப் போகலாம். கன்னத்துல வேல் குத்திக்கிட்டு வர்றவங்களைப் படம் எடுக்கணும். திட்டத்துல சேர்த்துக்கோ, மிஸ்."

குதிரை வண்டிக்காரர் உடனே கடிவாளத்தைப் பிடித்தார். போனால் ரயில் தவறும், என் வேலை போகும். அதைச் சொல்லியே தப்பித்திருக்கலாம். ஆனால் ரயில் தவறாமல் இருந்தாலும் நான் கூட்டிப்போயிருக்க மாட்டேன். அதனால் உள்ளதைச் சொன்னேன்.

"ரயில் தவறும், சார். அது ஒரு காரணம். இன்னொண்ணு, அது இறங்கி வேடிக்கை பார்க்கிற நிறுத்தம் இல்ல. தோட்டம் பார்க்க வர்றவங்களுக்காக இருக்கு. காவடி அப்படி இல்ல. பத்து நாள் விரதம் இருந்து எங்க ஆளுங்க சாமிக்குக் குடுக்கிறது."

"நான் காசு குடுத்திருக்கேன்."

"தோட்டத்துக்குக் குடுத்தீங்க. காவடி பார்க்க ஆசைன்னா இன்னொரு வருஷம் வாங்க. கேமரா இல்லாம, செருப்பைக் கழட்டிட்டு, காலையிலேயே வாங்க. யாரும் துரத்த மாட்டாங்க, சோறும் போடுவாங்க."

"உன் டைரக்டர்கிட்ட சொல்லுவேன்."

"சொல்லுங்க, சார். இப்ப ஏறுங்க. மழை வருது."

அவர் மனைவி பிள்ளைகளை வண்டியில் ஏற்றினார். ஸ்டேஷனில் இருபது நிமிஷம் மீதி இருந்தது. வழியில் எங்கிருந்தோ மேளச் சத்தம் காற்றில் வந்தது. இரண்டு ரயில்களிலும் ஏறினோம், எதையும் தவறவிடவில்லை.

5. மறுநாளும் மறுவருஷமும்

மாயேபூர் ஸ்டேஷன் வாசலில் கார் பளபளவென்று நின்றது. முசியே சொல்லாமலே நான் மறுநாளும் கூடப் போயிருந்தேன். கோவிந்தன் அண்ணன் சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருந்தார்.

எஞ்சினியர் இன்னும் முறைப்பாகத்தான் இருந்தார். "கார் சரியாயிடுச்சா?" என்றார்.

அண்ணனுக்கு வேல் குத்திய நாக்கு வீங்கியிருந்தது. வார்த்தை தடித்து வந்தது. "கார் நல்லாத்தான் இருந்துச்சு, சார். நேத்து நான் காவடி எடுத்தேன்."

ஒரு வாடிக்கையாளரிடம் அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. எஞ்சினியரின் சின்ன மகள் நாக்கைக் காட்டச் சொன்னாள். காட்டினார். அவள் கண் விரிந்து, தன் நாக்கையும் நீட்டிக் காட்டினாள்.

எஞ்சினியர் சொன்னபடியே புகார் செய்தார். முசியே என்னைக் கூப்பிட்டார்.

"உனக்குத் திமிர்னு சொல்றார்."

அவரே தொடர்ந்து கேட்டார்.

"ஏதாவது வண்டி தவறிச்சா?"

"இல்ல, முசியே."

"அப்ப போய் வேலையைப் பாரு."

மன்னிப்பு அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வருஷக் கடைசியில் சுவருக்குப் புதுக் காலண்டர் வந்ததும், அதில் அடுத்த பூச நாளைக் கோயிலில் கேட்டு வந்து சிவப்பு மையில் வட்டமிட்டேன். தமிழில் தைப்பூசம் என்று எழுதி, பக்கத்தில் பிரெஞ்சில் கார் இல்லை என்று எழுதினேன். முசியே அதன் முன்னால் நின்று பார்த்தார். தமிழ் எழுத்தைக் காட்டி, "இது என்ன?" என்றார். வாசித்துக் காட்டினேன். கிழிக்கவில்லை.

மறுவருஷம் பூசத்துக்கு ஒரு வாரம் முன்னால் கோவிந்தன் அண்ணன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் சின்னத்தம்பி, முத்து. மூன்று பேர் மணிக்கட்டிலும் காப்பு வெளியே தெரிந்தது.

"முசியே, அன்னிக்கு நாங்க வர மாட்டோம். காவடி."

முசியே கடிதத்திலிருந்து தலை நிமிரவில்லை. "என்கிட்ட ஏன் சொல்றீங்க? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. திட்டம் அவதான் போடுறா."

அப்படித்தான் நான் டைப்ரைட்டரை விட்டுத் திட்ட மேசைக்கு வந்தேன்.

பயணிகள் ரயிலை நிறுத்திவிடப் போகிறார்கள் என்று இப்போது பேச்சு அடிபடுகிறது. என் நோட்டில் பாதிப் பக்கம் வீணாகும். போகட்டும், பஸ்ஸில் ஏறிப் புது நோட்டு போடுவேன். எனக்குப் பின் இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். பயணத் திட்டம் போடும்போது இடங்களின் பெயரைக் கடைசியாக எழுதுங்கள். அன்றைக்கு வண்டியை ஓட்டப்போவது யார், அது அவருக்கு என்ன நாள் என்று முதலில் கேளுங்கள். மேலே இருப்பவர்கள் உண்மைக்கு மாறாக எதையாவது எழுதச் சொன்னால், எழுந்து நாற்காலியை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். அவர்களே டைப் அடித்துக்கொள்ளட்டும்.