சீழ்க்கைக்கு வந்த மெமோ

"ட்யூப் போச்சுன்னா நீயும் போயிடுவ." மைசூரு வயர்லெஸ் ஸ்டேஷனில் தினக்கூலியாகச் சேர்ந்த முதல் நாள், எங்கள் இன்ஜினியர் என்னிடம் சொன்னது அதுதான். ட்ரான்ஸ்மிட்டரின் பவர் ஆம்ப்ளிஃபையரில் இருந்த இரண்டு பெரிய ட்யூப்களுக்கு மாற்று கிடைப்பது கஷ்டம். எனக்கு மாற்று கிடைப்பது கஷ்டமில்லை. ஹனூர் பள்ளியில் பத்தாவதோடு நின்றவன் நான். பர்மனென்ட் ஆக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

1. பேச்சில்லாத நேரம்

எங்கள் செட் எஸ்.எஸ்.பி. வகை. மைக்கில் பேசினால்தான் பவர் வெளியே போகும். வாயை மூடினால் ஒன்றும் போகாது. ஆம்ப்ளிஃபையரை ட்யூனிங்கில் வைத்திருக்க, கண்டென்சரைத் திருப்பும் சின்ன மோட்டார் ஒன்று உண்டு. உள்ளே வரும் சிக்னலையும் வெளியே போவதையும் ஒப்பிட்டு அது தானாகச் சரிசெய்துகொள்ளும். பேசும்போது ஒழுங்காக வேலை செய்யும். பேச்சு இல்லாதபோது ஒப்பிட எதுவும் இல்லை. ஆனாலும் மோட்டார் நிற்காது, மெல்ல நகர்ந்துகொண்டே போகும். அரை மணி கழித்து யாராவது ஃபுல் பவரில் பேசினால் ட்யூப் சிவந்துவிடும்.

இதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். கால் மணிக்கு ஒருமுறை பவரைக் குறைத்து, மைக்கில் நீளமாகச் சீழ்க்கை அடிப்பேன். மோட்டார் ஓடிவந்து சரியான இடத்தில் நிற்கும். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் நான். என் சீழ்க்கையை எல்லா ஸ்டேஷன்களும் கேட்டன.

ஹனூர் ஆபரேட்டர் சின்னசாமி அண்ணன் விடமாட்டார். "ஏன்டா மாதேசா, பொண்ணு பாக்கப் போறியா, இல்ல மாடு ஓட்டப் போறியா? ஒரு முடிவு பண்ணி அடி."

ஒருநாள் மேலதிகாரி காதிலும் அது விழுந்தது. மறுநாளே மெமோ: வயர்லெஸ்ஸில் சீழ்க்கை அடிக்கக் கூடாது.

2. ரிலே

சீழ்க்கை போனால் ட்யூப் போகும். தேவராஜ மொஹல்லாவில் பழைய ரேடியோ சாமான் விற்கும் கடையில் ஒரு ரிலே வாங்கினேன். சிக்னல் இருந்தால் மோட்டாருக்குக் கரண்ட் போகும். இல்லாவிட்டால் கட் ஆகிவிடும். கண்டென்சர் கடைசியாக நின்ற இடத்திலேயே நிற்கும். அவ்வளவுதான் வேலை. இன்ஜினியரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே பொருத்தினேன். நான்கு வருடம் ஒரு ட்யூப்கூடப் போகவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் பார்க்க வந்தபோது இன்ஜினியர் விளக்கினார். "இது நான் யோசிச்சது சார்." நான் பின்னால் ஸ்க்ரூடிரைவரோடு நின்றேன்.

அவர்கள் போனபின் என் தோளைத் தட்டினார். கன்னடக்காரர், யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார். "பர்மனென்ட் ஃபைல்ல உன்னைப் பத்தி நல்லா எழுதறேன் குரு. ஆயித்தா, சரியா?"

"சரிங்க சார்."

சின்னசாமி அண்ணனிடம் போனில் சொன்னேன். "வாயில என்னடா கொழுக்கட்டையா வெச்சிருந்தே?" என்றார்.

3. மழை

அடுத்த வருடம் இன்ஸ்பெக்ஷன். வந்த அதிகாரி டிராயிங்கில் இல்லாத ரிலேயைப் பார்த்துவிட்டார். "யார் வெச்சது இது?"

"டெய்லி வேஜ் ஆளு சார். எனக்குத் தெரியாம வெச்சிருக்கான்."

இதைச் சொன்னபோது இன்ஜினியர் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கழற்றச் சொன்னார்கள். நான்தான் கழற்றினேன்.

"இனி விசில் அடிக்கலாமா சார்?" என்று பிறகு இன்ஜினியரிடம் கேட்டேன்.

"மெமோ இருக்கில்ல? பிடு, விட்டுடு."

மூன்றாம் நாள் பெருமழை. செல்போன் டவர்கள் படுத்துவிட்டன. வயர்லெஸ்ஸில் சின்னசாமி அண்ணன் கூப்பிட்டார். "பாலத்து மேல தண்ணி போகுதுங்க. எங்க ஜீப்பை இந்தப் பக்கமே நிறுத்தவா, அனுப்பவா? சொல்லுங்க."

இன்ஜினியரே மைக்கை எடுத்தார். காலையிலிருந்து யாரும் பேசியிருக்கவில்லை. ட்யூனிங் டயல் எங்கேயோ போய் நின்றிருந்தது. "சார்..." என்றேன். அவர் கையை உயர்த்தினார். நான் நிறுத்திக்கொண்டேன்.

அவர் ஒரு வாக்கியம்கூட முடிக்கவில்லை. ட்யூப்கள் அடுப்புக் கரி போலச் சிவந்தன. ஃப்யூஸ் வெடித்தது.

ரிசீவர் மட்டும் வேலை செய்தது. "மைசூரு, கேக்குதுங்களா? மைசூரு?" அரை மணி நேரம் சின்னசாமி அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் குரலை அனுப்ப ட்யூப் இல்லை. கடைசியில் அவரே முடிவெடுத்து ஜீப்பை நிறுத்தினார். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"நீ ஏன் விசில் அடிச்சு வெக்கல?" இன்ஜினியர் கத்தினார்.

"மெமோ இருக்குங்க சார்."

பதினோரு வருடத்தில் நான் அவரை எதிர்த்துச் சொன்னது அது ஒன்றுதான். அதுவும் ட்யூப் எரிந்த பிறகு. அந்த மாதத்தோடு என்னை நிறுத்திவிட்டார்கள். காரணம், அனுமதியில்லாமல் கருவியில் கை வைத்தது.

இப்போது அக்ரஹாரத்தில் ஒரு கடையில் மிக்ஸி மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறேன். வயர்லெஸ் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். புதிதாக எதைப் பொருத்தினாலும் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதி, மேலே இருப்பவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சீழ்க்கைக்கு வந்த மெமோ காகிதத்தில் இருந்தது. ரிலேக்கு அவர் சொன்ன "சரி" காற்றோடு போயிற்று. அப்புறம், டயல் தப்பான இடத்தில் நிற்பது தெரிந்தால், அதிகாரி கையை உயர்த்தினாலும் நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன்.